பென்னட் வழக்கு: தீர்ப்பும் தண்டனையும்

கடமை தவறியதாகப் பழிக்கப்பட்ட ஒரு படைத்தலைவருக்கு, பதவியும் பெருமையும் குன்றிய பின்னரும் மேலும் தண்டனை வேண்டுமா? சிங்கப்பூர் வீழ்ச்சியோடு தொடர்புடைய ஒரு வழக்கைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

1942 பிப்ரவரி 15 மாலை, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்தார். அன்றிரவே ஆஸ்திரேலிய 8ஆம் படைப்பிரிவின் தலைவர் மேஜர் ஜெனரல் கோர்டன் பென்னட், பொறுப்பைப் பிரிகேடியர் காலகனிடம் ஒப்படைத்துவிட்டு, பெர்சிவலின் இசைவு பெறாமலே தீவை விட்டு வெளியேறினார். சுமத்ரா வழியாக மார்ச் தொடக்கத்தில் தாயகம் சேர்ந்தார். அவருடைய வீரர்களோ சிறைப்பட்டனர். சிங்கப்பூரில் பிடிபட்ட ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களுட் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு அனுப்பப்பட்டனர். மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மடிந்ததும் அப்பாதையிலேயே.

ஜப்பானியரின் போர்முறையைத் தாயகத்துக்கு உணர்த்துவதே தம் நோக்கம் என்றார் பென்னட். பிரதமர் கர்ட்டின் அவரை வெளிப்படையாகப் பாராட்டினார். பதவி உயர்வும் கிட்டியது. ஆயினும் போர்முனைத் தலைமை அவருக்கு மீண்டும் அளிக்கப்படவில்லை. 1944இல் அவர் படையிலிருந்து விலகினார்.

போர் முடிந்தபின் பெர்சிவலின் குற்றச்சாட்டு வெளிப்பட்டது. 1945இல் முதலில் படைத்துறை விசாரணையும், பின்னர் நீதிபதி லிகர்ட்வுட் தலைமையில் அரச ஆணைய விசாரணையும் நடந்தன. போர்க்கைதி தப்ப முயல்வது கடமை. ஆனால் பென்னட் புறப்பட்ட வேளையில் அவர் இன்னும் போர்க்கைதி ஆகவில்லை. ஆகவே அவர் தம் வீரர்களோடு இருந்திருக்க வேண்டும் என்று ஆணையம் முடிவுசெய்தது. எனினும் நாட்டுப்பற்றாலும் கடமையெனக் கருதியதாலுமே அவ்வாறு செய்தார் என்றும் அது ஏற்றுக்கொண்டது. அதன்பின் வேறு தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை.

தமிழில் ‘பிழைத்தல்’ என்னும் வினை உயிர் தப்புதலையும் குற்றம் புரிதலையும் ஒருங்கே குறிக்கும். பென்னட் வழக்கின் சிக்கல் முழுவதும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். ஆணையம் செய்தது, அவ்விரு பொருளையும் பிரித்துக் காட்டியதே.

காவலிடம் விட்டகலும் எளிய வீரனுக்குப் படைநீதிமன்றம். தலைவருக்கு அறிக்கை மட்டுந்தானா? இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. தலைவர் என்பதற்காகவே அவரை விட்டிருப்பின் அது முறைகேடே. ஆனால் இங்கு விசாரணை தவிர்க்கப்படவில்லை; தவறு தவறென்றே பதிவாயிற்று. போர் நின்றுவிட்டது, அவர் மீண்டும் படை நடத்தும் நிலையும் இல்லை. சிறை மீண்ட வீரருட் பலர் அவர் பக்கமே நின்றனர். அந்நிலையில் சிறையோ பதவிக் குறைப்போ எவரையும் காத்திராது.

எனவே மேலும் தண்டியாமை சரியே என்பது என் முடிவு. ஆனால் தண்டனையை விடலாம் என்பதனால் தீர்ப்பையும் விட்டுவிடலாகாது. தண்டனை ஒருவரோடு முடிவது. தீர்ப்போ அடுத்து வரும் தலைவர்க்கெல்லாம் எல்லை வகுப்பது.