முதல் வரியில் பிறப்பவர்கள்

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால் வட்டத்தின் எண்ணைச் சொல்லிவிட்டு முழிப்போம். ஆங்கில இலக்கியத்தின் பேர்போன முதல் வரிகளை நான் இந்தச் சங்கடத்தோடுதான் வாசித்தேன். கல்லூரியில் அவற்றை அழகுக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அவை பத்திரம் மாதிரித் தெரிந்தன: இன்ன வருஷம், இன்ன ஊர், இன்னார் மகன்.

டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’வை (1719) எடுத்துக்கொள்வோம். குரூசோ தான் பிறந்த ஆண்டு 1632 என்கிறான். ஊர் யார்க். நல்ல குடும்பம். பிரெமனிலிருந்து வந்த தகப்பன் வியாபாரத்தில் சொத்துச் சேர்த்தவர். தீவுக்குப் போய்ச் சேருமுன்பே, உடைமையுள்ள ஒரு ‘நான்’ முதல் பத்தியிலேயே தயாராகிவிடுகிறது. அதே நாவலில் ஃப்ரைடேக்கு இப்படியொரு முதல் வரி கிடையாது. குரூசோ அவனைக் காப்பாற்றிய கிழமைதான் அவன் பெயர். அவன் எங்கே, யாருக்குப் பிறந்தான் என்பதிலிருந்து அவன் கதை தொடங்குவதில்லை.

நம்முடைய பழைய நூல்களின் தொடக்கம் வேறு. மங்கலச் சொல்லால் தொடங்க வேண்டும் என்று பாட்டியல் நூல்கள் விதி வகுத்தன. கம்பரும் சேக்கிழாரும் ‘உலகு’ என்ற சொல்லை முன்னால் வைத்தார்கள். அந்த உலகத்துக்குள் யாரெல்லாம் சேர்த்தி என்பது தனிக் கேள்வி. ஆனால் ‘நான் பிறந்தேன்’ என்பது அங்கே வாசலில் நிற்கவில்லை.

அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது முதல் தமிழ் நாவல். 1879இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் கதைசொல்லி, தேசம் ஆங்கிலேயர் வசமான பிற்பாடு, சத்தியபுரியில், தொண்டைமண்டல முதலியார் குலத்தில் பிறந்ததாகச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறான். காலம், இடம், குடி. வேதநாயகம் பிள்ளை குரூசோவைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். வாதியும் பிரதிவாதியும் தங்களை எப்படி அறிமுகம் செய்துகொள்வார்கள் என்று தினமும் பார்த்தவர். யார்க்கின் ‘நல்ல குடும்பம்’ இங்கே சாதிப் பெயராகிறது. ஆண்டின் இடத்தில் காலனி ஆட்சி உட்கார்ந்துகொள்கிறது. தமிழ் உரைநடையின் நவீனத் தன்னிலை இந்த இரண்டு கால்களில்தான் எழுந்து நின்றது.

நெய்வேலியின் வரலாற்றைச் சொல்பவர்களும் ஒரு முதலியாரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்தது என்பதுதான் அந்தக் கதையின் முதல் வரி. அவருடைய அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கிணற்றைத் தோண்டிய கை யாருடையது? 1956இல் நிறுவனம் உருவாகி, 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் படும்வரை காலிசெய்து போன ஊர்க்காரர்கள் எந்த வரியில் பிறக்கிறார்கள்? 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. அந்தச் செய்தியும் நிலம் கையகப்படுத்திய கணக்கோடு சேர்த்தே சொல்லப்பட்டது.

1992இல் பாமா ‘கருக்கு’வைத் தன் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. ஊரின் அழகிலிருந்து, பேச்சுத் தமிழில் தொடங்கினார். எந்தத் தெரு யாருக்கு என்பது அதற்குப் பிறகு வருகிறது. குலத்தைச் சொல்லிப் பெருமைப்பட முடியாதவர்களுக்கு ஊர்தான் முதல் வரி. அப்படியென்றால், ஊரும் போனவர்கள் எதைச் சொல்லி ஆரம்பிப்பது?

மந்தாரக்குப்பம் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். “எங்க ஊரு இப்ப சொரங்கத்துக்குள்ள கெடக்கு தம்பி. அதுக்கு முன்னால முந்திரித் தோப்பு” என்றார். பிறகு அரை மணி நேரம், எந்த மரம் யாருடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆண்டு சொல்லவில்லை, குலம் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து நாவலை எழுதப்போகிற நண்பர்கள் யார்க்குக்கோ சத்தியபுரிக்கோ போக வேண்டியதில்லை. அந்த டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.