எலக்ட்ரான் அமைப்பு

எலக்ட்ரான் அமைப்பு என்பது ஓர் அணுவிலுள்ள எலக்ட்ரான்கள் அதன் ஆற்றல் மட்டங்களில் பங்கிடப்பட்டிருக்கும் முறை. முதன்மைக் கூடுகள் எனப்படும் இம்மட்டங்கள் எஸ், பி, டி, எஃப் எனும் துணைக்கூடுகளாகப் பிரிகின்றன. இவை முறையே 2, 6, 10, 14 எலக்ட்ரான்களை ஏற்கும்.

எலக்ட்ரான் கோள்போல் குறித்த பாதையில் சுற்றுவதில்லை. அது காணப்படுவதற்கான நிகழ்தகவு மிகுந்த வெளியே ஆர்பிட்டால். ஓர் ஆர்பிட்டாலில் எதிரெதிர்த் தற்சுழற்சி உடைய இரு எலக்ட்ரான்களே இருக்கலாம் என்பது பௌலி தவிர்ப்புத் தத்துவம் (1925). சம ஆற்றலுள்ள ஆர்பிட்டால்களில் எலக்ட்ரான்கள் முதலில் தனித்தனியே நிரம்பிய பின்னரே இணைசேரும். இது ஹுண்ட் விதி.

பொதுவாகக் குறைந்த ஆற்றலுள்ள மட்டமே முதலில் நிரம்பும். 3டி-க்கு முன் 4எஸ் நிரம்புவது இதனால்தான். ஆயினும் இந்த நிரப்பு விதியை மனப்பாடமாகப் பொருத்துவது போதாது: அதற்கு மாறாக, குரோமியத்தின் வெளியமைப்பு 3டி⁵ 4எஸ்¹, தாமிரத்தினுடையது 3டி¹⁰ 4எஸ்¹.

நீல்ஸ் போர் 1913-இல் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளை ஆற்றல் மட்டங்களால் விளக்கினார். 1926-இல் வெளியான ஷ்ரோடிங்கர் சமன்பாடு, போரின் வட்டப்பாதைகளின் இடத்தில் அலைச்சார்பை வைத்தது.

சோடியத்தின் அமைப்பு 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹. வெளிக்கூட்டிலுள்ள அந்த ஒற்றை எலக்ட்ரானை எளிதில் இழப்பதால் அது நீருடன் தீவிரமாக வினைபுரிகிறது. அதே எலக்ட்ரான் ஆற்றல் பெற்று 3பி-க்கு ஏறி, மீண்டும் 3எஸ்-க்கு இறங்கும்போது வெளிப்படுவதே சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் ஒளி. அதன் அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர்.