நங்கூரமும் அதனை இழுக்கும் உருளையும்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் ‘நங்கூரம்’ என்னும் சொல் பாரசீகத்து ‘லங்கர்’ என்பதனோடு தொடர்புடையது. கன்னடத்தில் இது ‘லங்கரு’ என்றே நிற்கிறது. லகரம் தமிழில் மொழிமுதலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. அவ்வரம்பு காக்கப்பெறும்போது பெரும்பாலும் இகரம் முன்வந்து சேரும். இங்கோ லகரமே நகரமாகத் திரிந்துள்ளது. இது ஏட்டு வழியன்றிக் கடற்கரையோர் வாய்வழிப் புகுந்த கடன் எனக் கொள்ளலாம். இடையிலுள்ள ஊகாரம் கிரேக்க ‘அங்குரா’வை நினைவூட்டினும், அதுகொண்டு யவன வணிகத்தோடு முடிச்சிடுதல் பொருந்தாது.

சொல் இங்ஙனம் நிலைபெற, நங்கூரத்தை இழுக்கும் கருவியின் நிலை வேறாயிற்று. பாய்க்கப்பலின் முன்தளத்தில் கிடையாக அமைந்த மரவுருளை, அதன் துளைகளில் செருகிச் சுழற்றும் கழிகள், பின்னோக்கி உருளாது தடுக்கும் நாக்கு ஆகியன அதன் பழைய உறுப்புகள். சிறு பாய்ப்படகிலுள்ள இன்றைய கைப்பொறியும் இம்முறையினதே. கழிக்கு மாற்றாக நெம்புகோல், மரத்திற்கு மாற்றாகச் சங்கிலிக் கண்ணி பொருந்தும் பள்ளச் சக்கரம். உப்பே இதன் பகை. பொறியைக் கழற்றி நன்னீரில் கழுவிப் பழைய மசகை முற்றும் நீக்கவேண்டும். பற்சக்கரத்திற்குப் புதுமசகு இடலாம். தடுப்பு நாக்கிற்கு மெல்லிய எண்ணெயே தகும். மசகு தடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், சங்கிலி கட்டறுந்தோடும், இழுப்பவர் கை முறியும். படகு நங்கூரமிட்டு நிற்கையில் அதன் இழுவிசையைப் பொறியின்மேல் சுமத்தாது தளத்துக் கட்டையில் கட்டுவதும் இன்றியமையாதது.

பாயை ஏற்றும் கயிற்றுக்கு ‘ஆஞ்சான்’, பாயின் கீழ்முனைக் கயிற்றுக்குத் ‘தாமான்’, கயிறோடும் சக்கரத்துக்குக் ‘கப்பி’ எனத் தனிச்சொற்கள் உண்டு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இத்தகைய கடற்சொற்களுக்கு இடமளித்தது. நங்கூர உருளைக்கோ இவைபோல் பரவலாக அறியப்பெற்ற சொல் ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. தூத்துக்குடித் தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாயிலிருந்து எஞ்சினுக்கு மாறியமையால், கையால் இழுத்தோர் வழக்கும் தேய்ந்தது.

கடலில்லாப் பெங்களூருக்கும் இதில் தொடர்புண்டு. 1985-87இல் இந்தியத் தரைப்படையின் பொறியாளர் பிரிவினர் ‘திருஷ்ணா’ என்னும் 37 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்தனர். அப்பெயர் தாங்கிய பாய்ப்படகுக் கழகம் அல்சூர் ஏரியை அடுத்து, ‘தம்பிகள்’ என வழங்கப்பெறும் மதராஸ் பொறியாளர் படையிடத்தே உள்ளது. தமிழும் கன்னடமும் அருகருகே புழங்கும் அவ்வேரிக்கரையில் ‘நங்கூரம்’, ‘லங்கரு’ இரண்டுக்கும் இடமுண்டு. இழுக்கும் உருளையின் பெயரைத் தேடுவோர் தூத்துக்குடியின் முதிய தண்டல்களிடமே செல்லவேண்டும்.