இரவுப்பள்ளியும் சாராயக்கடையும்: வங்கத்து மதுவெதிர்ப்பின் வரலாற்றிலிருந்து

வங்காள தேசியக் கல்லூரி 1906இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டபோது அதன் முதல்வராகப் பொறுப்பேற்றவர் அரவிந்த கோஷ். இன்றைய ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் தன் வேர் என்று சுட்டுவது அக்கல்லூரியையும் அதை நடத்திய தேசியக் கல்விக் கழகத்தையும்தான். அரவிந்தரின் தாய்வழிப் பாட்டனார் ராஜநாராயண் பாசு, ஜாதவ்பூருக்குத் தெற்கே கரியாவை அடுத்துள்ள போரால் கிராமத்தில் 1826இல் பிறந்தவர். ஹிந்து கல்லூரி மாணவராக இருந்த காலத்தில் நண்பர்களோடு கோல்தீகிக் குளக்கரையில் கபாப் தின்று பிராந்தி குடித்ததை அவர் தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். அதே மனிதர் பின்னர் மேதினிபூரில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது ‘சுராபான நிவாரணி சபை’ என்ற பெயரில் மதுவொழிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். வங்கத்து மதுவெதிர்ப்பு எங்கிருந்து புறப்பட்டது என்பதை இந்த ஒரு வாழ்க்கை காட்டிவிடுகிறது. அது சேரியிலிருந்து புறப்படவில்லை. கல்லூரி வாசலிலிருந்து புறப்பட்டது.

டிரோசியோவின் மாணவர்களான ‘இளம் வங்கம்’ தலைமுறைக்கு மது வெறும் போதைப்பொருளாக இருக்கவில்லை. சாதி ஆசாரத்தை மீறியதற்கான சான்றிதழாகவும் ஆங்கில நாகரிகத்துக்குள் நுழைவதற்கான சீட்டாகவும் அது இருந்தது. அடுத்த தலைமுறை அந்தச் சீட்டுக்குக் கொடுத்த விலையைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிற்று. மைக்கேல் மதுசூதன தத்தர் 1860இல் ‘இதுதான் நாகரிகமா’ என்று கேட்கும் நகைச்சுவை நாடகம் எழுதினார். தீனபந்து மித்ரர் 1866இல் ‘சதவார் ஏகாதசி’யில் படித்த குடிகாரன் ஒருவனை மேடையேற்றினார். மதுசூதனரே குடியால் உடைந்து 1873இல் மறைந்தார் என்பது நாடகத்துக்கு வெளியே நிகழ்ந்த கசப்பு. 1863இல் பியாரிசரண் சர்க்கார் தொடங்கிய வங்காள மதுவொழிப்புச் சங்கமும் இந்தக் கவலையின் குழந்தையே. ஆங்கிலப் பாடநூல்களால் வங்கமெங்கும் அறியப்பட்டிருந்த அந்த ஆசிரியர் காப்பாற்ற விரும்பியவர்கள் தம் மாணவர்கள். நாளைய வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள், துணை நீதிபதிகள். மூட்டை தூக்குபவனும் பல்லக்குத் தூக்குபவனும் குடிப்பது அப்போது எவருக்கும் சமூகப் பிரச்சினையாகப் படவில்லை. அது வெறும் வழக்கம்.

வழக்கம் எப்போது பிரச்சினையாயிற்று என்ற கேள்விக்கு விடை தேட நகரின் வடக்கே, ஹூக்ளிக் கரையிலுள்ள பராநகருக்குச் செல்ல வேண்டும். 1859இல் போர்னியோ கம்பெனி அங்கே நீராவித் தறிகளோடு சணல் ஆலை அமைத்தது. சில ஆண்டுகளுக்குள் ஊரின் முகம் மாறியது. ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் திரும்பும் ஒரு புதிய மக்கள்கூட்டம் உருவாயிற்று. கூலி பணமாகக் கைக்கு வந்தது. அந்தப் பணம் வீட்டுக்குப் போகும் வழியில் சாராயக்கடையும் இருந்தது.

இந்த ஊரில் 1840இல் பிறந்தவர் சசிபத பானர்ஜி. குலின பிராமணக் குடும்பம். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்ததற்காக உறவினரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர். 1865இல் பராநகரில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். அடுத்து அவர் பார்வை ஆலைத் தொழிலாளர்மீது விழுந்தது. அவர்களுக்கென இரவுப்பள்ளி, சிறுசேமிப்பு, 1870இல் தொழிலாளர் மன்றம், 1874இல் ‘பாரத் சிரமஜீபி’ என்ற ஒரு பைசா மாத இதழ் என்று அவர் முயற்சிகள் வரிசையாக விரிந்தன. தொழிலாளர்க்கென்றே இந்தியாவில் வெளிவந்த முதல் இதழாகப் பலரும் அதையே கருதுகின்றனர். இவை அனைத்துக்கும் ஊடாக ஓடிய சரடு மதுவெதிர்ப்பு. மாலைநேரத்தைச் சாராயக்கடையிடமிருந்து பறித்துப் பள்ளிக்கும் மன்றத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பதே திட்டம். உபதேசத்தால் மட்டும் குடி நிற்காது; குடிக்கும் நேரத்துக்கு வேறொரு பயன் கொடுக்க வேண்டும் என்று கண்டுகொண்டதில் சசிபதர் தம் காலத்துப் பிரசங்கிகளைவிடக் கூர்மையானவர்.

1871இல் மேரி கார்ப்பென்டரின் அழைப்பில் அவரும் மனைவி ராஜகுமாரி தேவியும் இங்கிலாந்து சென்றனர். கடல்கடந்ததற்காகவும் மனைவியை உடன் அழைத்துச் சென்றதற்காகவும் ஊரார் தூற்றிய அந்தப் பயணத்தில், விக்டோரியா காலத்து மதுவொழிப்புச் சங்கங்களின் மேடைகளை அவர் நேரில் கண்டார். அங்கே பிறந்த மகன் ஆல்பியன் ராஜ்குமார் பானர்ஜி பிற்காலத்தில் கொச்சிக்கும் மைசூருக்கும் திவானாக இருந்தவர்.

சசிபதரைப் பற்றி இன்று எழுதும் எவரும் தீபேஷ் சக்ரபர்த்தி 1970களில் எழுதிய கட்டுரையைக் கடந்து செல்ல முடியாது. பத்ரலோக் வர்க்கத்துக்கும் தொழிலாளி வர்க்கத்துக்கும் நிகழ்ந்த முதல் சந்திப்பாக அவர் சசிபதரை வாசித்தார். அந்த வாசிப்பின்படி பராநகரில் வார்க்கப்பட்ட இலட்சியத் தொழிலாளி ஒழுங்கானவன், சிக்கனமானவன், குடிக்காதவன், நேரந்தவறாதவன். அதாவது ஆலை முதலாளி கனவு கண்ட அதே மனிதன். இந்த விமர்சனம் வலுவானது. எனினும் அதை முழுத் தீர்ப்பாக ஏற்பது இரவுப்பள்ளியில் உட்கார்ந்திருந்தவனை மறந்துவிடும் அபாயம் கொண்டது. பகலெல்லாம் சணல் தூசியில் நின்றுவிட்டு இரவில் எழுத்துக்கூட்ட வந்தவன் முதலாளியின் கனவை நிறைவேற்ற வந்தான் என்று எப்படிச் சொல்வது? கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே படித்தறிய விரும்பியிருக்கலாம். சீர்திருத்தவாதியின் நோக்கமும் அதைப் பயன்படுத்திக்கொண்டவரின் நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பராநகர் முயற்சியின் உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது. குடிக்கும் மனிதனின் மனத்தை அது ஆராய்ந்த அளவுக்கு, அவன் வேலை நேரத்தை ஆராயவில்லை. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தை மட்டுமே வரையறுத்தது. 1890களில் மின்விளக்கு வந்தபின் ஆலைகள் இருட்டிய பிறகும் ஓடின. வயதுவந்த ஆண்களின் வேலை நேரத்தை நெசவாலைகளில் 12 மணியாக வரையறுக்க 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உடல்வலிக்கு மருந்தாகவும் பசிக்கு மாற்றாகவும் சாராயம் நின்ற இடத்தில் சேமிப்புப் புத்தகம் எவ்வளவு போட்டியிட முடியும்?

இன்னொரு போட்டியாளர் அரசாங்கம். இதைத் தெளிவாகச் சொன்னவர் கேசவ சந்திர சென். 1870 மே மாதம் லண்டன் மெட்ரோபாலிடன் டாபர்னகிளில் இந்தியாவுக்கு இங்கிலாந்து ஆற்ற வேண்டிய கடமைகளைப் பற்றிப் பேசியபோது, ஆங்கில ஆட்சி வளர்த்துவிட்ட மது வணிகத்தை அவர் அந்நாட்டினர் முகத்துக்கு நேரே கண்டித்தார். அதே ஆண்டு திரும்பிவந்து அவர் நிறுவிய இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தின் ஐந்து பிரிவுகளில் மதுவொழிப்பும் ஒன்று. அதற்காகச் சிவநாத் சாஸ்திரியை ஆசிரியராகக் கொண்டு ‘மத் நா கரல்’ (மதுவா, நஞ்சா) என்ற இதழ் வெளிவந்தது.

கேசவரின் கண்டனத்துக்குப் பின்னாலிருந்த பொருளாதாரத்தைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது. மத்திய வடிசாலை முறையில் சாராயம் அரசின் மேற்பார்வையில் ஓரிடத்தில் வடிக்கப்பட்டு, அளவுக்கும் வீரியத்துக்கும் ஏற்ப வரி விதிக்கப்பட்டது. ‘அவுட்ஸ்டில்’ என்ற மற்ற முறையிலோ, குறிப்பிட்ட இடத்தில் வடித்து விற்கும் உரிமையே ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர் மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டினால் போதும். எவ்வளவு வடித்தார், எவ்வளவு வீரியமாக வடித்தார் என்று கேட்பாரில்லை. கட்டிய தொகை மாறாது என்பதால் கூடுதலாக விற்ற ஒவ்வொரு குவளையும் இலாபம். விலை தானாக இறங்கியது, கடை தானாக ஆளைத் தேடியது. 1870களின் பிற்பாதியில் வங்கத்தில் இம்முறை பரவலாக்கப்பட்டதற்கு எதிரான கூக்குரலே 1883இல் வங்காள கலால் ஆணையம் அமைக்கப்படக் காரணமாயிற்று. 1888இல் லண்டனில் டபிள்யூ. எஸ். கெயினும் நண்பர்களும் ஆங்கிலோ-இந்திய மதுவொழிப்புச் சங்கத்தை நிறுவினர். மறு ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை இந்திய அரசின் கலால் கொள்கையைக் கண்டித்துத் தீர்மானமே நிறைவேற்றியது. வருவாய் குறையவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் மறுபாதி பழக்கமானது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்று நடத்தினர். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியை விதித்தார். மது வருவாய்க்கு மாற்று என்ன என்ற கேள்வியை ஒரு மாகாண அரசு நேருக்குநேர் எதிர்கொண்ட அரிய தருணம் அது. மதுவிலக்கு பின்னர் போயிற்று, விற்பனை வரி நின்றது என்பது வரலாற்றின் குறும்பு. மேற்கு வங்கமோ முழு மதுவிலக்கை ஒருபோதும் ஏற்றதில்லை. ஆகவே அங்கே குடியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலும் தெருவின் தலையிலும் விடப்பட்டது.

ஈரோட்டையும் பராநகரையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. பராநகரில் பெண்கள்பள்ளி இருந்தது, இரவுப்பள்ளி இருந்தது. ஆனால் குடிக்கும் தொழிலாளியின் மனைவி இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ விழுந்துவிட்டாள். அடுப்பு எரியாததைக் கண்டவள், அடி வாங்கியவள், கடைக்காரனின் பெயரும் கடன் தொகையும் தெரிந்தவள் அவள்தான். அவளுடைய அறிவு எந்தச் சங்கத்தின் அறிக்கையிலும் சான்றாக ஏற்கப்படவில்லை.

நூறாண்டுக்கு மேல் கழித்து அதே இரவுப்பள்ளி இன்னொரு இடத்தில் வேறு விதமாகப் பயன்பட்டது. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்ட எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூலில் குடியால் சிதையும் குடும்பத்தைப் பற்றிய பாடமொன்று இருந்தது. துபகுண்டா கிராமத்துப் பெண்கள் பாடத்தைப் படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடவில்லை. சாராயத்தை ஊருக்குள் வரவிடாமல் தடுத்தனர். 1992இல் அது மாவட்டமெங்கும் பரவி, ஏலம் நடத்துவதே அதிகாரிகளுக்குப் பாடாயிற்று. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. 1995இல் முழு மதுவிலக்கு. 1997இல் அது தளர்ந்தது. சசிபதரின் பள்ளியில் ஆசிரியர் மாணவருக்குக் குடியின் தீமையைச் சொன்னார். நெல்லூரில் அதை ஆசிரியரைவிட நன்றாக அறிந்தவர்கள் மாணவிகள். அவர்கள் குடிகாரனின் ஒழுக்கத்தைத் திருத்தப் புறப்படவில்லை, ஏலத்தை மறித்தார்கள். அவுட்ஸ்டில் முறையின் நரம்பு எங்கே இருந்தது என்பதை ஆணையம் எதுவும் அமைக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கிராமத்தில் முடிந்தது நகரச் சேரியில் முடியுமா என்பது கடினமான கேள்வி. கிராமத்தில் கடை ஒன்று, ஒப்பந்தக்காரர் ஒருவர், பெண்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நகரத்தில் ஒரு கடையை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று. ஜாதவ்பூரின் வரலாறே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்து அகதிகள் கைவிடப்பட்ட இராணுவ முகாமில் விஜய்கரையும், அதைச் சுற்றி ஏனைய குடியேற்றங்களையும் தாமே அமைத்தனர். காலனிக் கமிட்டிகள் நிலம் பங்கிட்டன, பள்ளி கட்டின, வெளியேற்ற வந்தவர்களைப் பெண்கள் முன்னணியில் நின்று தடுத்தனர். தெருவளவில் இத்தனை உறுதியான அமைப்பு இந்திய நகரங்களில் அரிது. ஆனால் அந்தக் காலனிகள் நாளடைவில் நடுத்தர வர்க்கத்தின் வீடுகளாயின. அவ்வீடுகளில் பாத்திரம் துலக்குபவர்களும் அவ்வீதிகளில் ரிக்‌ஷா இழுப்பவர்களும் சியால்தா தெற்குப் பாதையின் அதிகாலை வண்டிகளில் வந்திறங்கி இரவில் திரும்புகிறவர்கள். உழைக்கும் இடத்தில் அவர்களுக்குக் கமிட்டி இல்லை; வாழும் இடத்தில் அமைப்புக்கு நேரம் இல்லை.

குடியும் இந்தக் கோட்டின் இருபுறத்திலும் இரு பெயர் பெற்றது. அகதி வாழ்வைத் திரையில் எழுதிய ரித்விக் கட்டக் 1974இல் எடுத்த தம் கடைசிப் படத்தில் குடிகார அறிவுஜீவியாகத் தாமே நடித்தார்; வங்கம் அதைக் கலைஞனின் துயரமாகக் கொண்டாடுகிறது. ரிக்‌ஷாக்காரனின் குடியோ காவல்நிலையப் பதிவேட்டில்தான் இடம்பெறுகிறது.

2011 டிசம்பரில் அந்தக் கோடு வரைபடத்திலேயே தெரிந்தது. 9ஆம் தேதி விடியற்காலை, ஜாதவ்பூருக்கு அடுத்த நிலையமான தாகுரியாவில் ஆம்ரி தனியார் மருத்துவமனை தீப்பற்றி ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். நாடே அதிர்ந்தது. சில நாட்களுக்குள் அதே இரயில் பாதையின் டயமண்ட் ஹார்பர் கிளையில், சங்கிராம்பூர் நிலையத்தைச் சுற்றிய ஊர்களில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 170க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரிக்‌ஷா ஓட்டுபவர்கள், கூலிகள், தெருவில் கூவி விற்பவர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் குடித்தவர்கள். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும். அறிகுறி தெரியப் பல மணிநேரம் ஆகும் என்பதால் பலர் தூக்கத்தில்தான் நோயாளிகளானார்கள். டயமண்ட் ஹார்பர் மருத்துவமனையின் தரையிலும் இடமில்லை.

இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு தலா 2 இலட்ச ரூபாய் அறிவித்தபோது, சட்டவிரோதச் சாராயம் குடித்துச் செத்தவனுக்குப் பொதுப்பணமா என்ற கேள்வி கல்கத்தாவின் வரவேற்பறைகளில் எழுந்தது. கேள்வி கேட்டவர்கள் அந்தப் பணத்தைப் பெறப்போகிறவள் யார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாரமே முதல் வண்டியைப் பிடித்து யாருடைய வீட்டுப் பாத்திரத்தையாவது துலக்க வர வேண்டியவள் அவள்.

2017இல் மேற்கு வங்க அரசு மதுபான மொத்த விற்பனையைத் தன் கழகத்தின் கையில் எடுத்துக்கொண்டது. தமிழ்நாடு அதை 1983இலேயே டாஸ்மாக் வழியாகச் செய்திருந்தது. 2003இல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. ஏலம் எடுக்கும் ஒப்பந்தக்காரர் போய்விட்டார். மறிக்க வேண்டிய ஏலமும் அவரோடு போய்விட்டது.