செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள்: ஜொகூர்த் தோட்டங்களின் பழுதுபார்ப்புச் சரித்திரம்

1909-ஆம் ஆண்டில், இன்றைய மலேசியாவில், கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையில் இருப்புப் பாதை பூர்த்தியானபின், சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ரயில் நின்ற ஊர்களை ஒட்டியெல்லாம் காடு அழிந்து ரப்பர் மரம் எழுந்ததையும், அந்த மரங்களுக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி வந்ததையும் சரித்திர நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஆனால் ரயிலடியிலிருந்து தோட்டத்துக்குள்ளே பிரியும் செம்மண் பாதையைப் பற்றியும், வெயிற்காலத்தில் நுண்ணிய தூளாய்ப் பறந்து, நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சக்கரத்தைப் பற்றி இழுக்கும் சேறாய் மாறும் அந்த மண்ணில் ஓடிய வாகனங்கள் எதனாற் கெட்டன, கெட்டவற்றை யார் செப்பனிட்டார்கள் என்பதைப் பற்றியும் எழுதியவர்கள் மிகச் சிலர். தோட்ட மக்களின் ஜீவனத்தில் பாதி அந்தப் பாதையின்மேல் நடந்ததாதலின், இதை நான் சிறு விஷயமாகக் கருதவில்லை.

ஆதியில் தோட்டத்தை நிர்வகித்த துரைமார்களுக்கு மட்டுமே மோட்டார் வாகனம். மற்றவர்களுக்கு நடை, பிற்பாடு சைக்கிள். 1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ என்னும் சிறிய வண்டியை வெளியிட்டதும், அதே ஆண்டில் பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ அந்நிறுவனத்தின் விநியோக உரிமையைப் பெற்றதும் இந்நாட்டுப் பிரயாண முறையையே மாற்றிவிட்டன. இடது கையால் கிளட்ச் பிடிக்க வேண்டாத அமைப்பு, காலைத் தூக்கிப் போடாமலே ஏறி அமரும் தாழ்ந்த சட்டம், மூட்டையும் பிள்ளையும் வைக்க முன்னும் பின்னும் இடம் ஆகிய இவையெல்லாம், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நண்பகலுக்குள் ரப்பர்ப் பால் அளந்து கொடுத்துவிட்டு, பிற்பகலில் அரிசிக்கும் மருந்துக்கும் டவுனுக்குச் செல்ல வேண்டியிருந்த பால்மரத் தொழிலாளிக்கென்றே நினைத்துச் செய்தவைபோல் பொருந்தின.

பொருந்தாதது மண் ஒன்றே. கப் வண்டியின் முன்சக்கர பிரேக் இரும்பு ஒயரால் இழுபடுவது. ஒயரின் உறைக்குள் மழைநீர் இறங்கித் துருவேறினால் பிடி இறுகும், விட்ட பிடி திரும்பாது. பிடியின் முனையில், ஒயர் வளையும் இடத்திலே, உள்ளிழைகள் ஒவ்வொன்றாய் அறுந்துகொண்டே வரும். வெளிப்பார்வைக்கு அது புலனாவதில்லை. செம்மண் தூள் பிரேக் டிரம்மினுள்ளே புகுந்து பிரேக் கட்டையை அரம்போல் ராவிவிடுவதும் உண்டு. ஆகவே அனுபவமுள்ள தோட்டத்துப் பழுதுகாரர்கள் மழைக்காலம் முடிந்தவுடன் ஒயரைக் கழற்றித் தலைகீழாய்த் தொங்கவிட்டு எண்ணெய் ஊற்றுவார்கள். இழை ஒன்று தெறித்திருப்பினும் அந்த ஒயரை மீண்டும் மாட்டச் சம்மதிக்க மாட்டார்கள்.

புகைக்குழாய் விஷயம் இன்னும் ஆழமானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரும் ஆவியாய்ப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு காய்ந்து அந்நீர் முழுதும் வெளியேறிவிடும். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து கடைக்கும் என்று ஓரிரு மைல் மட்டுமே ஓடி நிற்கும் வண்டியிலோ, குழாய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுவதால், நீர் உள்ளேயே தங்கி இரும்பை உள்ளிருந்து அரித்துவிடுகிறது. வெளியே வர்ணம் பளபளக்க, அடியிலே ஊசித்துவாரம் விழுந்து வண்டி வெடித்து வெடித்துச் சத்தமிடுவதற்கு இதுவே காரணம். மழையைக் குறை கூறுவது வழக்கமாயினும், உண்மையான குற்றவாளி தோட்ட வாழ்க்கையின் குறுகிய தூரங்கள்தாம் என்பது என் முடிவு.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இளைஞர்களை ஆட்கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் நோய் வேறு. அங்கே எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. எரியாத எண்ணெய் கரியாய்த் திரண்டு சிலிண்டரின் வாயையும் குழாயின் உட்பகுதியையும் அடைத்துவிடும். இவ்வகை யந்திரத்தில் குழாயின் வடிவமே சக்தியின் ஒரு பாகம். திரும்பி வரும் அழுத்த அலை புதுக் கலவையை வெளியேறவிடாது உள்ளே தள்ள வேண்டும் என்னும் தத்துவத்தைக் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன் ஐம்பதுகளில் சீர்ப்படுத்தினார். அடைத்த குழாயில் அந்த அலை குலைந்துபோகும். வண்டி தாழ்ந்த வேகத்தில் ஒழுங்காய் ஓடி, மேல்வேகத்தில் மட்டும் ஏற மறுக்கும். அலை என்றோ அழுத்தம் என்றோ படித்திராத பட்டறைக்காரர் அந்த ஓர் அறிகுறியைக் கொண்டே நோயைக் கண்டு, குழாயைக் கழற்றிக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தோ, நெருப்பிலிட்டோ கரியை உதிர்த்தெடுத்ததை நான் ஒரு சாஸ்திர ஞானமாகவே மதிக்கிறேன்.

1968-இல் யமஹா டி.டி.1 வெளிவந்தபின், மேட்டிலும் பள்ளத்திலும் ஓடுவதற்கென்றே செய்த வண்டிகள் பெருகின. மலேசியாவில் அவற்றை ‘ஸ்கிராம்பளர்’ என்பர். கல்லும் வெள்ளமும் தொடாதிருக்கக் குழாயை உயரே தூக்கி வைத்திருந்தமையால், அது நசுங்குவது குறைந்தது. எண்பதுகளில் இவ்வகை வண்டிகளுக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக் வந்தது. ஒயரின் தொல்லை நீங்கி ஹோஸ் என்னும் ரப்பர்க் குழாயின் தொல்லை புகுந்தது. சக்கரத்தைத் தாங்கி நீண்டு குறுகும் முன்காலோடு ஹோஸும் ஓயாது அசைவதால், கவ்வி தளர்ந்த இடத்தில் உராய்ந்து தேய்கிறது. ரப்பருக்குப் பதிலாய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களில், வெட்டிப் போட்ட மட்டையின் முள் வேறு கீறுகிறது. (தொழிலாளி வெட்டிய மரத்தின் ரப்பர் டயருக்குள் போகிறது, இன்றைய பிரேக் ஹோஸின் ரப்பரோ பெரும்பாலும் ஆலையிற் செய்த செயற்கைப் பண்டம்.)

ஹோஸின் வெளியில் வெடிப்பு இருப்பின் எவரும் காண்பர். உட்சுவர் வீங்கினால்தான் சங்கடம்: கை அழுத்தும் பலத்தில் எண்ணெய் முன்னே சென்றுவிடும், திரும்பி வரும் பலம் போதாமல் அங்கேயே நின்றுவிடும், பிரேக் விடாது, டிஸ்க் காயும். அப்பொழுது ஹோஸை மேலே, கைப்பிடியிலுள்ள மாஸ்டர் பம்ப் அருகே சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். சக்கரம் விடுபட்டால் குறை பம்பினுடையது. விடுபடாமல், கீழே டிஸ்கைக் கவ்வும் கேலிப்பர் அருகே தளர்த்தியபின் விடுபட்டால் குறை ஹோஸினுடையது. இரண்டிலும் விடுபடாவிட்டால் கேலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. பிரேக் எண்ணெயும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது: புதிய டாட் 3 எண்ணெய் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி, ஈரமேறிய எண்ணெய்க்கு விதிக்கும் எல்லை 140 டிகிரியே. ஜொகூரின் ஈரக்காற்றில் இந்த எண்ணெயை வருஷக்கணக்கில் மாற்றாமல் விடுவது பேராபத்து.

இந்தத் தொழிலைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற் கற்றதில்லை. டவுனில் சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கடையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, டயர் கழற்றி, கண்ணாற் பார்த்துக் கற்றவர்கள், பிற்பாடு லயத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்டுத் தங்கள் பட்டறையை நடத்தினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டு நிலங்களாகியும் மக்கள் வெளியேறியபோது, பாசிர் கூடாங், செனாய் ஆலைகளுக்கும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கும் அவர்களைக் கொண்டு சேர்த்தது இந்தப் பட்டறைக்காரர்கள் செப்பனிட்டு வைத்திருந்த மோட்டார் சைக்கிளே.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை இருமுறை பெருவெள்ளம் சூழ்ந்து, கோத்தா திங்கி நகரமே நீரில் மூழ்கியது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே உதைத்து ஸ்டார்ட் செய்வதே பெருந்தவறு; புகைக்குழாயையும் சிலிண்டரையும் வடித்து, யந்திர எண்ணெயையும் பிரேக் எண்ணெயையும் புதிதாய் ஊற்றி, டிரம்மைத் திறந்து சேற்றைக் கழுவிய பின்னரே சாவியைத் தொட வேண்டும் என்பது பட்டறை விதி. மழைக்காலத்துக்கு முன் அதைத் தோட்டந்தோறும் அச்சிட்டு ஒட்டியிருந்தால் எத்தனையோ குடும்பங்களின் ஜீவனம் தப்பியிருக்கும், இன்றும் ஒட்டலாம்.