மேத்தியூ லயன்

மேத்தியூ லயன் (ஜூலை 14, 1749 – ஆகஸ்ட் 1, 1822) அயர்லாந்தில் பிறந்த அமெரிக்க அரசியல்வாதி ஆவார். வெர்மான்ட் மாநிலத்தின் ஃபேர் ஹேவன் என்னும் சிற்றூரை நிறுவிய இவர், வெர்மான்ட், கென்டக்கி ஆகிய இரு மாநிலங்களில் இருந்தும் ஐக்கிய அமெரிக்காவின் கீழவையான பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியரசுத் தலைவரைக் கண்டித்து எழுதியமைக்காகச் சிறைத்தண்டனை பெற்று, சிறையில் இருந்தபடியே தேர்தலில் வென்றமைக்காக இவர் நினைவுகூரப்படுகிறார்.

இளமை

லயன் அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அருகே விக்லோ கவுண்டியில் பிறந்தார். டப்ளினில் பள்ளிக்குச் சென்றதுடன் அச்சுத்தொழிலும் கற்கத் தொடங்கினார். 1760களின் நடுப்பகுதியில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பயணச் செலவுக்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் உழைத்துத் தீர்க்கும் ஒப்பந்தப் பணியாளராகக் கனெக்டிகட்டில் பணிபுரிந்தார். 1774 இல், பின்னர் வெர்மான்ட் எனப் பெயர்பெற்ற பகுதியில் குடியேறினார். அமெரிக்க விடுதலைப் போரில் "பசுமலை வீரர்கள்" எனப்பட்ட படையில் பணியாற்றினார். வெர்மான்டின் முதல் ஆளுநர் தாமஸ் சிட்டன்டனின் மகள் பியூலா இவரது இரண்டாவது மனைவி ஆவார்.

ஃபேர் ஹேவன்

1783 இல் ஃபேர் ஹேவன் ஊரை நிறுவிய லயன், அங்கு காகித ஆலை உட்படப் பல ஆலைகளை நடத்தினார். 1793 இல் அச்சகம் ஒன்றைத் தொடங்கிச் செய்தித்தாள் வெளியிட்டார். ஊரின் சார்பில் மாநிலச் சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். பலமுறை தோல்வியுற்ற பின்னர், ஜெஃபர்சனின் குடியரசுக் கட்சி சார்பில் வென்று 1797 இல் பிரதிநிதிகள் அவையில் நுழைந்தார்.

அவையில் கைகலப்பு

அக்காலத்தில் நாடாளுமன்றம் பிலடெல்பியாவில் கூடியது. 1798 ஜனவரி 30 அன்று, எதிரணியான கூட்டாட்சிக் கட்சியைச் சேர்ந்த ரோஜர் கிரிஸ்வோல்ட், லயனின் போர்க்கால நடத்தையைக் குறித்து ஏளனம் செய்தார். சினமுற்ற லயன் அவரது முகத்தில் உமிழ்ந்தார். லயனை வெளியேற்றும் தீர்மானம் 52–44 என ஆதரவு பெற்றும், தேவையான மூன்றில் இரு பங்கை எட்டாததால் தோல்வியடைந்தது. பிப்ரவரி 15 அன்று கிரிஸ்வோல்ட் கைத்தடியால் அவரைத் தாக்க, லயன் கணப்படுப்பின் இடுக்கியை எடுத்து எதிர்த்தார்.

வழக்கும் சிறையும்

பிரான்சுடன் போர் மூளும் சூழல் நிலவிய 1798 ஜூலை 14 அன்று அரசு நிந்தனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம், அரசு ஆகியவற்றுக்கு எதிராகத் தீய நோக்குடன் பொய்யானவற்றை வெளியிடுவதை இச்சட்டம் குற்றமாக்கியது. துணைக் குடியரசுத் தலைவரை இது பட்டியலில் சேர்க்கவில்லை; அப்பதவியில் அப்போது இருந்தவர் எதிரணித் தலைவரான ஜெஃபர்சன் ஆவார்.

குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் ஆடம்பரத்திலும் புகழ்ச்சியிலும் பேராசை கொண்டவர் என லயன் ஒரு கடிதத்தில் சாடியிருந்தார். சட்டம் வருவதற்கு முன்னரே எழுதப்பட்ட இக்கடிதம், சட்டம் வந்த பின்னர் அச்சில் வெளியானது. இதுவே அவர்மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்றாயிற்று. அக்டோபரில் உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் பேட்டர்சன் முன் விசாரணை நடைபெற்றது. இச்சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என லயன் வாதிட்டார். அவ்வாதத்தைக் கருத்திற்கொள்ள வேண்டாம் என நடுவர் குழுவுக்கு நீதிபதி அறிவுறுத்தினார். நான்கு மாதச் சிறையும் 1000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. இச்சட்டத்தின் கீழ் தண்டனை பெற்ற முதல் நபர் இவரே.

வெர்ஜென்ஸ் என்னும் ஊரின் சிறையில் குளிர்காலத்தைக் கழித்த லயன், அங்கிருந்தே தொடர்ந்து எழுதினார். செப்டம்பர் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் டிசம்பரில் மறுதேர்தல் நடந்தது. அதில் லயன் வெற்றி பெற்றார். மன்னிப்புக் கோரும் மனுவை ஆதரவாளர்கள் ஆடம்சுக்கு அனுப்பினர். லயன் தாமே விண்ணப்பிக்கவில்லை என்பதால் ஆடம்ஸ் அதை ஏற்கவில்லை. 1799 பிப்ரவரியில் விடுதலையாகி அவைக்குத் திரும்பிய லயனை வெளியேற்ற மீண்டும் நடந்த முயற்சியும் 49–45 என்ற வாக்குகளுடன் மூன்றில் இரு பங்கை எட்டாது தோற்றது.

1801 தேர்தல் முடிவு

1800 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் சம வாக்குகள் பெற்றதால், முடிவு பிரதிநிதிகள் அவைக்கு வந்தது. அங்கு மாநிலத்திற்கு ஒரு வாக்கு மட்டுமே உண்டு. வெர்மான்டின் இரு உறுப்பினர்களும் எதிரெதிராக நின்றதால் அம்மாநிலத்தின் வாக்கு 35 சுற்றுகளிலும் பயனற்றுப் போனது. 1801 பிப்ரவரி 17 அன்று 36 ஆவது சுற்றில் மற்றொருவரான லூயிஸ் மோரிஸ் ஒதுங்கிக்கொள்ள, லயனின் வாக்கால் வெர்மான்ட் ஜெஃபர்சன் பக்கம் சேர்ந்தது. மேரிலாந்தும் அதே சுற்றில் இணைந்ததால் ஜெஃபர்சன் வெற்றி பெற்றார்.

பிற்கால வாழ்க்கை

1801 இல் கென்டக்கியில் குடியேறிய லயன், 1803 முதல் 1811 வரை அம்மாநிலத்தின் சார்பில் அவையில் பணியாற்றினார். 1820 இல் ஆர்கன்சாவில் செரோக்கி மக்களுடனான அரசு வணிக நிலையத்தின் அலுவலராக நியமிக்கப்பட்டு, 1822 இல் அங்கேயே காலமானார். இவரது உடல் 1833 இல் கென்டக்கியின் எடிவில் ஊரில் மறுஅடக்கம் செய்யப்பட்டது. மகன் சிட்டன்டன் லயனும் பிரதிநிதிகள் அவை உறுப்பினராக இருந்தார்.

அபராதம் திருப்பியளிக்கப்படல்

அரசு நிந்தனைச் சட்டம் 1801 மார்ச்சில் காலாவதியானது. உச்சநீதிமன்றம் அதன் செல்லுபடியை ஒருபோதும் ஆராயவில்லை. லயன் இறந்து 18 ஆண்டுகள் கழித்து, 1840 ஜூலை 4 அன்று நிறைவேறிய சட்டத்தின் மூலம், அபராதமும் வழக்குச் செலவுமான 1060.96 டாலர் வட்டியுடன் அவரது வாரிசுகளுக்குத் திருப்பியளிக்கப்பட்டது. 1964 இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் சலிவன் வழக்கின் தீர்ப்பில், பொது அலுவலர்கள் மீதான விமர்சனத்தின் உரிமையை விளக்கும்போது உச்சநீதிமன்றம் இவ்வாறு அபராதம் திருப்பியளிக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டியது.