தொண்டை நாட்டு நறும்பிழி

அயல்நாட்டிலிருந்து திரும்பிய நண்பரொருவர் தேன் சேர்த்து வடித்த லாகர் பீர் ஒன்றைத் தந்தார். இனிப்பை எதிர்பார்த்த நாவுக்குக் கிட்டியதோ மெல்லிய கசப்பு. தேன் மணமாக மட்டும் மூக்கில் நின்றது. தேனிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஏறத்தாழ முழுவதும் தின்றுவிடும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பீர் ஆங்கிலேயரோடு வந்தது என்று எண்ணிப் பழகிவிட்டோம். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அடங்கிய தொண்டை நாட்டைக் காட்டும் பெரும்பாணாற்றுப்படை வேறு கதை சொல்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்பில் பிழி சமைக்கும் முறையை வரிசை பிசகாமல் சொல்லியிருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற பிழாவில் ஆற வைக்கிறார்கள். புற்றாஞ்சோறு போன்ற முளையடையை அதில் கலக்கிறார்கள். இரு பகலும் இரு இரவும் கழிகின்றன. சாடியில் முதிர்ந்ததை விரலால் அலைத்து அரிக்கிறார்கள்.

இதை 'அரிசிக் கள்' என்று கடந்துவிடுதல் போதாது. பனங்கள்ளுக்கு முளை வேண்டியதில்லை. சர்க்கரை பதநீரிலேயே உண்டு. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் முளைவிட்ட தானியத்தில் ஊறுகிறது. குத்தம்பாக்கத்துப் பீர் ஆலையில் முளைப்பித்த பார்லி செய்யும் வேலையும் அதுவே. ஆகவே இந்த நறும்பிழியைப் பீர் இனத்தில் சேர்ப்பதே முறை என்பது என் துணிபு. லாகர் ஆகாது, அதற்குப் பத்து டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியும் வாரக்கணக்கான பொறுமையும் வேண்டும்.

தேன்? இந்தப் பிழியில் தேன் இல்லை. ஆயினும் அந்த இரண்டு நாளைச் சொல்லுமிடத்தில் புலவர் 'தேம்பட' என்கிறார். இனிமை பிறக்கும்படி என்பது உரை. மாவு சர்க்கரையாவதை நாவால் அறிந்தவர் சொல் அது! தேனாலான தேறலை மலைபடுகடாம் பேசுகிறது, நன்னனின் மலைநாட்டில். மூங்கிற்குழாயில் முதிர்ந்த அத்தேறலை முதலில் பருகி, பின்னரே நறவுக்குச் செல்கிறார்கள். இரண்டையும் கலந்ததாகப் பாட்டில் இல்லை.

1948இல் சென்னை மாகாணமெங்கும் மதுவிலக்கு வந்தது. 1971இல் அது தளர்ந்தது, மூன்றாண்டில் மீண்டது, பின்னர் மறுபடி தளர்ந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆலை லாகருக்கு உரிமம் உண்டு. வீட்டுச் சாடிக்கு இல்லை. அந்தச் சாடியிலிருந்துதான் வலைஞர்கள், வழியில் வந்த பாணனுக்குச் சுட்ட மீனோடு பிழி வார்த்தார்கள்.